மொட்டை மாடியில ஒரு டார்க் ரூம்!

உங்க மொபைல் கேலரியைத் திறந்து மொத்தம் எத்தனை போட்டோன்னு பாருங்க. நாலாயிரம்? எட்டாயிரம்? சரி, அதுல பேப்பர்ல இருக்குறது எத்தனை? ஹால் டிக்கெட்ல ஒட்டின பாஸ்போர்ட் சைஸைக் கணக்குல சேர்க்கக் கூடாது!

2023 டிசம்பர் மழையை எங்க தூத்துக்குடி மாவட்டத்துக்காரங்க மறக்கவே மாட்டாங்க. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. வீட்டுக்குள்ள தண்ணி வந்தா போனும் நனையும், ஆல்பமும் நனையும். ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. போன் செத்தா, வேற எங்கயும் சேமிக்காத படம் அதோட போச்சு. சாதாரண இன்க்ஜெட் பிரிண்ட்ல மை கரைஞ்சு ஓடிரும். பழைய கறுப்பு-வெள்ளை பிரிண்ட் இருக்கே... அது பொறக்குறதே தண்ணித் தொட்டியிலதான்! ஒண்ணோடொண்ணு ஒட்டிக் காயுறதுக்கு முன்னாடி பிரிச்சு, கழுவி, உலர்த்தினா பல சமயம் பிழைச்சுக்கும். ஜப்பான்ல 2011 சுனாமிக்கு அப்புறம் சேத்துல கிடந்த லட்சக்கணக்கான போட்டோக்களைத் தன்னார்வலர்கள் இப்படித்தான் கழுவிக் காயவெச்சாங்க.

'அப்போ போனைத் தூக்கிப் போட்டுட்டு பிலிம் ரோல் வாங்கணுமா?'ன்னு பதறாதீங்க. படம் டிஜிட்டல், பிரிண்ட் டார்க் ரூம். ரெண்டையும் சேர்த்துக் கட்டலாம். பிரேசில் போட்டோகிராபர் செபஸ்தியோ சல்காடோ இதைத்தான் செஞ்சார். 2008 வாக்குல டிஜிட்டலுக்கு மாறினார். ஆனா பிரிண்ட்டை விடல. டிஜிட்டல் ஃபைலை மறுபடியும் பிலிம் நெகட்டிவ்வா மாத்தி, டார்க் ரூம்ல சில்வர் பேப்பர்ல போட்டார்.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. 1858-ல மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம் எடுத்த லின்னேயஸ் ட்ரைப், மெழுகு தடவின காகிதத்தையே நெகட்டிவ்வா வெச்சு, வெயில்ல பிரிண்ட் போட்டவர். வானம் வெறிச்சோடி இருந்தா நெகட்டிவ்ல மேகத்தை வரைஞ்சும் விட்டார். அந்தக் காலத்து போட்டோஷாப்! அப்புறம் 1960-ல ஊட்டியில ஆரம்பிச்ச அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து'ங்கிற பேர்ல பிலிமும் பேப்பரும் தயாரிச்சுது. இப்போ அது மூடியாச்சு. அதனால சில்வர் பேப்பர் வேணும்னா இறக்குமதிதான், விலையும் எகிறும்.

சோ, பர்ஸ் மெலிஞ்ச ஹாஸ்டல்வாசிகள் முதல்ல இறங்க வேண்டியது சயனோடைப். 1842-ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது. நம்ம சீனியர்களோட சீனியர்கள் கையில சுருட்டி வெச்சிருந்தாங்களே ப்ளூபிரிண்ட், அதேதான். பல்பு வேணாம், என்லார்ஜர் வேணாம். வெயில் போதும். உடன்குடிக்காரன்கிட்ட வெயில் இருக்கான்னு கேக்காதீங்க!

படத்தை கிம்ப் மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல கறுப்பு-வெள்ளை ஆக்கி, இன்வெர்ட் பண்ணி, இடம் வலமாத் திருப்பி, ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்ல பிரிண்ட் எடுங்க. இன்க்ஜெட்னா அதுக்குன்னு பூச்சு போட்ட ஷீட்தான் வேணும், சாதா ஷீட்ல மை நிக்காது. லேசர்ல எடுத்தா கறுப்பு வெளிறி இருக்கும். ரெண்டு ஷீட்டை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா சரியாகும். இதான் உங்க டிஜிட்டல் நெகட்டிவ்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மி.லி. தண்ணியில, பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மி.லி.யில. ரெண்டையும் தனித்தனி பாட்டில்ல வெச்சுக்கிட்டு, தேவைப்படும்போது சம அளவு கலந்து, மங்கலான வெளிச்சத்துல டிராயிங் பேப்பர்ல பிரஷ்ஷால தடவி, இருட்டுல காய வைங்க. கிளவுஸ் கட்டாயம். அம்மாவோட டம்ளர்ல கலக்குறது அதைவிடக் கட்டாயமா கூடாது! பேர்ல 'சயனைடு' இருக்கேன்னு அலற வேணாம். ஆனா பாத்ரூம் ஆசிட் பக்கம் கொண்டு போகவே போகாதீங்க. வலுவான ஆசிட்டும் சூடும் சேர்ந்தா விஷவாயு வரும்.

அப்புறம் பேப்பர், மேல நெகட்டிவ், அதுக்கு மேல கண்ணாடி. மொட்டை மாடியில அஞ்சுல இருந்து பதினஞ்சு நிமிஷம். புற ஊதாக்கதிர் பட்ட இடத்துல இரும்பு உப்பு மாறி, பிரஷ்யன் ப்ளூவா உக்காந்துக்கும். படாத இடம் தண்ணியில கழுவினா போயிரும்.

பலர் சொதப்புறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, ஸ்கிரீன்ல சூப்பரா இருந்த படம் பேப்பர்ல நீலத் திட்டா வரும். ஸ்கிரீன் காட்டுற அத்தனை சாயலையும் இந்தக் கெமிக்கல் தாங்காது. வெள்ளையில இருந்து கறுப்பு வரைக்கும் 21 கட்டம் போட்ட பட்டையை முதல்ல பிரிண்ட் பண்ணி, எந்தக் கட்டத்துக்கு மேல வித்தியாசமே தெரியலன்னு பார்த்து, கர்வ்ஸ்ல சரி பண்ணுங்க. லேப்ல சென்சாருக்குச் செய்ற கேலிபரேஷன்தான் பாஸ். ரெக்கார்ட் நோட்டு எழுதாம செய்யலாம்ங்கிறது போனஸ்.

இன்னொண்ணு தண்ணி. எங்க கடலோரத்துல பல கிணறு உப்பு. தண்ணியில காரத்தன்மை இருந்தா நீலம் வெளுத்துரும். அலசுற தண்ணியில ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்க, போதும்.

காசு சேர்ந்ததும் அதே நெகட்டிவ்வை வெச்சு பாத்ரூம்ல சில்வர் பிரிண்ட் போடலாம். சிவப்பு பல்பு நம்பகமானதான்னு பார்க்க, பேப்பர் மேல ஒரு ரூபாய் நாணயத்தை வெச்சு அஞ்சு நிமிஷம் விட்டு டெவலப் பண்ணுங்க. நாணயத்தோட தடம் தெரிஞ்சா பல்பை மாத்திருங்க. டெவலப்பருக்கு 20 டிகிரி வேணும். எங்க ஊர்க் குழாய்த் தண்ணி பாதி வெந்நீர், அதனால ட்ரேயைச் சுத்தி ஐஸ்.

எதைப் பிரிண்ட் போடறது? செல்ஃபியை விடுங்க. உடன்குடின்னா கருப்பட்டி. பனை ஏறுற ஆளுங்க வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே போறாங்க. பக்கத்துல குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு, தேரிக்காட்டுப் பக்கமே முகம் மாறிக்கிட்டு இருக்கு. சீசன் வந்தா நம்மாளுங்க பனையேறித் தாத்தாவை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடறாங்க. லைக் நமக்கு வருது. அவர் வீட்டுச் சுவத்துல அவர் படம் இருக்கா? பெரும்பாலும் இருக்காது. அடுத்த தடவை பதநீர் குடிக்கப் போகும்போது, "தாத்தா, இது உங்களுக்கு"ன்னு ஒண்ணைக் கையில குடுத்துட்டு வாங்க.

நீலக் கலர் அவருக்குப் பிடிக்கலையா? சலவை சோடாவை ரொம்ப லேசாக் கரைச்ச தண்ணியில நீலத்தை வெளுக்க விட்டு, நல்லா அலசி, திக்கான டிகாக்ஷன்ல ஊற வைங்க. கருப்பட்டிக் கலருக்கு வந்துரும். டீத்தூள் மட்டும் போதும், பால் கூடாது. கருப்பட்டி போட்ட டீயை நீங்க குடிச்சுக்கோங்க!