பூட்டு மட்டும் போதுமா?

இழந்த செல்வத்தை மீண்டும் ஈட்டலாம். வெளிப்பட்ட செய்தியை மீட்டல் இயலாது. 2007ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரிட்டனின் வருவாய்த் துறையினர், ஏறத்தாழ 2.5 கோடி மக்களின் பெயர், முகவரி, பிறந்த நாள், வங்கிக் கணக்கு ஆகியவற்றை இரண்டு குறுந்தகடுகளில் பதிந்து இலண்டனுக்கு அனுப்பினர். அவை போய்ச் சேரவில்லை. கடவுச்சொல் இருந்தது, ஆனால் மறைகுறியாக்கம் இல்லை. துறைத் தலைவர் பதவி துறந்தார்.

கடவுச்சொல் மட்டும் கதவுப் பூட்டைப் போன்றது; பூட்டை உடைத்தவன் உள்ளிருப்பதையெல்லாம் காண்பான். மறைகுறியாக்கமோ எழுத்துகளையே உருமாற்றிவிடும். திறவுகோல் இல்லாதவன் கையில் தகடு கிடைப்பினும் பொருள் விளங்காது. அத்திறவுகோலைத் தகட்டோடு சேர்த்தனுப்புதல் பேதைமை. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த செய்தி அடைக்கலப் பொருளாகும். அதனை மறைத்துக் காப்பதே அறமாகும்.