பெண்டாட்டி என்ன, பங்கீட்டுக் கடை அரிசியா?

ஆலைவாசல் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். இளந் தொழிலாளி ஒருவர் கேட்டார்: "தோழரே, பசிக்குச் சோறு கேட்டுப் போராடுகிறோம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறோம். ஆண்-பெண் உறவும் அப்படித்தானே? அதுவும் மனிதனுக்கு அடிப்படை உரிமைதானே? கட்டிய பெண்டாட்டி மறுத்தால், கேட்க நமக்குப் பாத்தியதை இல்லையா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. சிரித்து மழுப்பக்கூடிய கேள்வி அல்ல இது. இதற்குப் பதில் சொல்லியே தீரவேண்டும்.

தேவை வேறு, உரிமை வேறு. உடலுறவு மனிதனின் இயற்கையான தேவை. அதைப் பாவம், அசிங்கம் என்று ஓதும் போலிச் சாமியார்களோடு நமக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் ஒருவனுக்கு உரிமை என்றால் இன்னொருவர் மீது கடமை விழுகிறது. சோறு உரிமை என்றால், அரிசி போடவேண்டியது சர்க்காரின் கடமை. பங்கீட்டுக் கடை வாசலில் நின்று சண்டை போடலாம். அரிசிக்கு மனம் கிடையாது. உறவு உரிமை என்றால் கடமை யார் தலையில் விழும்? சர்க்கார் தலையிலா? இல்லை. ஒரு பெண்ணின் உடம்பின் மீதுதான் விழும். அவளுக்கு அலுப்பு உண்டு, வலி உண்டு, "வேண்டாம்" என்று சொல்ல வாய் உண்டு.

இந்தத் தண்ணீர் உவமை புதிதல்ல. புரட்சிக்குப் பிந்திய ருஷ்யாவிலும் சில இளைஞர்கள் இதையே பேசினார்கள். 1920இல் கிளாரா ஜெட்கினோடு உரையாடிய லெனின் இந்த வாதத்தைக் கண்டித்தார். தண்ணீர் குடிப்பது தனி ஆள் காரியம். காதலில் இரண்டு பேர் உண்டு, மூன்றாவதாக ஓர் உயிரும் பிறக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த இரண்டாவது ஆளை மறந்துவிட்டுப் பேசுகிற உரிமை, உரிமை அல்ல, ஆண்டைத்தனம்!

சிறைக்கும் அஞ்சாத ருக்மாபாய்

இந்த ஆண்டைத்தனத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1884இல் பம்பாய் ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. ருக்மாபாய் என்ற பெண்ணைப் பதினோரு வயதில் கட்டிவைத்தார்கள். வளர்ந்தபின், அந்தக் கணவனோடு வாழமாட்டேன் என்றார். "என் மனைவியை என்னிடம் அனுப்பு" என்று அவன் கோர்ட்டுக்குப் போனான். 1885இல் ஒரு ஜட்ஜ் அவனது வழக்கைத் தள்ளினார். அப்பீலுக்குப் பின் 1887இல் இன்னொரு ஜட்ஜ் தீர்ப்பளித்தார்: கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை! சிறைக்கே போகிறேன் என்று நிமிர்ந்து நின்றார் ருக்மாபாய். திலகரின் 'கேசரி' அவரைச் சாடியது. கடைசியில் 1888இல் பணம் கொடுத்துத்தான் வழக்கைத் தீர்க்க முடிந்தது. அவர் லண்டன் சென்று டாக்டருக்குப் படித்துத் திரும்பி, பல்லாண்டு பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

1955இல் அவர் காலமானார். அதே 1955இல் சுதந்திர இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. அதன் 9ஆவது பிரிவு என்ன சொல்கிறது? விலகிப்போன மனைவியையோ கணவனையோ சேர்ந்து வாழ வைக்கும்படி வழக்குப் போடலாம் என்கிறது. சிறைத் தண்டனை 1923லேயே போய்விட்டது. சொத்து ஜப்தி மட்டும் நிற்கிறது.

"நமது பண்பாடு" என்று மார்தட்டும் பேர்வழிகளைக் கேட்கிறோம்: இது யாருடைய பண்பாடு? இங்கிலாந்துப் பாதிரிமார் கோர்ட்டுகளிலிருந்து வெள்ளைக்காரன் இறக்குமதி செய்த சரக்கல்லவா இது? அந்த இங்கிலாந்தே 1970இல் சட்டம் போட்டு இதைத் தூக்கி எறிந்துவிட்டது. நாம் ஏன் இன்னும் சுமக்கிறோம்?

1983இல் ஆந்திர ஹைகோர்ட், சரிதா வழக்கில், இந்தப் பிரிவு செல்லாது என்றது. சட்டம் இருவருக்கும் சமம் என்பது பேச்சளவில்தான். பாரம் பெண் மீதே விழுகிறது, பிள்ளை சுமப்பவள் அவள்தான் என்று சுட்டிக்காட்டியது. மறு ஆண்டே, 1984இல், சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழக்கில் அந்தப் பிரிவைச் செல்லும் என்று நிலைநாட்டிவிட்டது.

தொழிலாளிக்கு ஒரு நீதி, மனைவிக்கு ஒரு நீதியா?

ஆலைத் தோழர்களே, சிந்தியுங்கள்! நீங்கள் வேலையை விட்டு நின்றுவிட்டால் முதலாளி என்ன செய்யலாம்? சம்பளத்தைப் பிடிக்கலாம், வேறு ஆள் போடலாம். ஆனால் "இவனைத் தறியில் கொண்டுவந்து நிறுத்து" என்று கோர்ட்டில் டிக்ரி வாங்க முடியாது. ஆளைக் கட்டாயப்படுத்தி ஊழியம் செய்யவைக்க சிவில் சட்டம் உத்தரவு போடாது. பஞ்சாலைக்கு இல்லாத அதிகாரம் படுக்கைக்கு எப்படி வந்தது?

விவசாயத் தொழிலாளத் தோழர்களே! பண்ணையை விட்டு ஓடிய பண்ணையாளைப் பிடித்துவந்து சவுக்கால் அடித்துச் சாணிப்பால் புகட்டிய தஞ்சைத் தரணியை உங்கள் பாட்டன்மார் அறிவார்கள். அந்த மிராசுதார் சொன்னதும் இதே சொல்தான்: "எனக்குப் பாத்தியதை உண்டு!" அந்தச் சொல்லை வீட்டுக்குள் நாம் சொல்லலாமா?

குற்றச் சட்டமும் இதே கதைதான். சம்மதமில்லாத உறவு பலாத்காரம் என்று சொல்லும் சட்டம், கணவனுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. 1860இல் மனைவிக்குப் பத்து வயது நிரம்பினால் போதும் என்றது. 1891இல் பன்னிரண்டு. 1949இல் பதினைந்து. 2017இல்தான், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால், பதினெட்டு. வயதுதான் ஏறியதே தவிர விலக்கு ஒழியவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே விலக்கை 63ஆவது பிரிவில் குந்த வைத்திருக்கிறார்கள். வர்மா கமிட்டி 2013லேயே இதை நீக்கச் சொன்னது. மத்திய சர்க்காரோ, கணவனைப் பலாத்காரக் குற்றவாளி என்பது மிகக் கடுமை என்று 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டில் பிரமாணம் தாக்கல் செய்தது.

"குடும்பம் குலைந்துவிடும்" என்கிறார்கள். சவுக்கு போனால் விவசாயமே அழியும் என்று மிராசுதாரும்தான் புலம்பினான். அழிந்ததா? பலாத்காரத்தால் தாங்கி நிற்கும் குடும்பம் ஏற்கெனவே குலைந்த குடும்பம். "பொய் வழக்குப் போடுவார்கள்" என்கிறார்கள். திருட்டுக்குப் பொய் வழக்கு வருகிறது என்பதற்காகத் திருட்டைக் குற்றமில்லை என்பார்களா?

நமது வரிசையையும் பார்க்கவேண்டும். ஆலைவாசலில் கொடி பிடித்து, வீட்டு வாசலைத் தாண்டியதும் மிராசுதாராகிற தோழர்கள் இல்லையா? அவளும் ஆலையிலோ வயலிலோ உழைத்துத்தான் வருகிறாள். அதன்பின் அடுப்பு, தண்ணீர், பிள்ளை. இரவிலாவது அவள் உடம்பு அவளுக்குச் சொந்தம் இல்லையா?

அப்படியானால் நம் உரிமை எது?

அந்த இளைஞருக்கு நாம் சொன்ன பதில் இதுதான். உறவுக்கு உரிமை கேட்காதே. உறவு மலர்வதற்கான வாழ்வைக் கேள்! தாய் தகப்பன், பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் முடங்கும் குடிசையில் புருஷன் பெண்டாட்டிக்கு அந்தரங்கம் ஏது? அவனுக்கு இரவு ஷிப்டு, அவளுக்குப் பகல் ஷிப்டு என்றால் முகம் பார்த்துப் பேச நேரம் ஏது? பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்து கொட்டடியில் கிடப்பவனுக்குக் குடும்பம் ஏது? இவற்றைப் பறித்தது மனைவி அல்ல. சர்க்காரிடமும் முதலாளியிடமும் கேட்கவேண்டியதை அவளிடம் கேட்காதே!

மனம் ஒப்பியவரை மணக்கும் உரிமை உண்டு. 2016இல் உடுமலைப்பேட்டையில் சாதி மாறி மணந்த இளைஞனைப் பட்டப்பகலில், நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்களே, அங்கே பறிக்கப்பட்டது அந்த உரிமை. இருவர் மனமொத்து மணப்பதற்குக் குடும்பத்தின் அனுமதியோ சாதியின் அனுமதியோ தேவையில்லை என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஒப்புகிற உரிமை எங்கே உண்டோ, அங்கே மறுக்கிற உரிமையும் உண்டு.

ஆகவே தோழர்களே, கதவுள்ள வீட்டுக்கும், வாழக்கூடிய கூலிக்கும், ஓய்வுக்கும் போராடுவோம். 9ஆவது பிரிவை ரத்து செய்! கணவனுக்குத் தரும் விலக்கை நீக்கு! இந்தக் கோரிக்கைகளை ஆலைவாசலிலும் வயல்வரப்பிலும் முழங்குவோம். முழங்கிவிட்டு வீடு திரும்பும்போது, அங்கே நமக்காகக் காத்திருப்பவள் தோழர் என்பதை மறவாதிருப்போம்!