புனைபெயர் மட்டும் தெரிந்த நண்பர்கள்

சென்னையை ஒட்டிய நாவலூர், படூர், சிறுசேரி அடுக்ககங்களில் இன்று நாற்பதைத் தாண்டி வாழும் மென்பொருள்காரர்கள் பலருக்கு இன்னொரு பெயர் இருந்தது. கணினியில் தமிழ் அடிக்கக் கற்ற புதிதில், 2003க்கும் 2010க்கும் இடையில், நமக்கு நாமே வைத்துக்கொண்ட பெயர் அது. அந்தப் பெயரில் வெண்பா எழுதினோம், படம் எடுத்துப் போட்டோம், சிறுகதை முயன்றோம். அந்தப் பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிட்டவர்கள் டொராண்டோவிலும் ரியாத்திலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எழுதுகிறார்களா, உயிரோடு இருக்கிறார்களா என்று நமக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. இந்தக் கட்டுரையில் ‘நாம்’ என்று வரும் இடமெல்லாம் எழுதுகிறவரும் சேர்த்திதான்.

அப்போது கணினியில் தமிழ் தெரிவதே பெரும்பாடு. விண்டோஸ் எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் உடையாமல் வர, மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, நிறுவல் சிடியைத் தேடிப் போட வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் அதற்குச் சம்மதிக்க மாட்டார். ஒருவர் டிஸ்கி குறியாக்கத்தில் அனுப்பியதை இன்னொருவர் யூனிகோடில் திறந்தால் கொக்கி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்து நிற்கும். முகுந்த் உருவாக்கிய எ-கலப்பை, மலேசியாவின் முத்து நெடுமாறன் தந்த முரசு அஞ்சல், சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றி ஆகியவற்றை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் புதியவர் உள்ளே வர முடியும். நமக்குக் கிடைத்த முதல் நண்பர் பெரும்பாலும் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்தான். முகம் தெரியாத ஒருவருக்காகத் தன் நள்ளிரவைச் செலவழித்தவர். அவரிடம் நன்றி சொன்னோம். பிறகு என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

நம்மை மிகவும் நெருக்கியது வெண்பா. ஒருவர் ஈற்றடி கொடுப்பார். மற்றவர்கள் மேலே மூன்றடி கட்டி முடிக்க வேண்டும். முன்னடிகள் நாற்சீர், ஈற்றடி முச்சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். இடையில் எங்கும் வெண்டளை பிசகக் கூடாது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த இலக்கணம், சிறுசேரி இரவு ஷிஃப்டில் உயிரோடு திரும்பி வந்தது. எழுதி அனுப்பிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறி வேளச்சேரி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பதில் வந்திருக்கும்: இரண்டாம் அடியில் மா முன் நேர் வந்திருக்கிறது, தளை தட்டுகிறது, இந்தச் சொல்லை மாற்றிப் பாருங்கள். திருத்தியவர் கனடாவிலோ அமெரிக்காவிலோ இருந்தார். நம் ஊர்ப் பகல் அவருக்கு இரவு.

சந்தவசந்தம் என்ற மரபுக் கவிதைக் குழு இதை ஒரு பள்ளியைப் போலவே நடத்தியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்பித்த பேராசிரியர் பசுபதி, யாப்பை அசையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இணையத்தில் எழுதினார். அது ‘கவிதை இயற்றிக் கலக்கு’ என்ற புத்தகமாகவும் வந்தது. கட்டணம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. எழுதியவர் யார், என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்காமல் தளையை மட்டும் பார்த்துத் திருத்தும் அந்த நேர்மைக்கு ஈடான ஒன்றை அதற்குப் பிறகு வந்த எந்த அலுவலகப் பயிற்சியிலும் நாம் கண்டதில்லை. பசுபதி 2023இல் காலமானார். அவரிடம் யாப்புக் கற்ற நம்மில் எத்தனை பேர் அவர் இருக்கும்போதே ஒரு வெண்பா எழுதி அனுப்பி, ‘ஐயா, இன்னும் எழுதுகிறேன்’ என்று சொன்னோம்? பெரும்பாலோர் சொல்லவில்லை. ஏனென்றால் எழுதவில்லை.

படம் எடுத்தவர்களுக்கும் இப்படி ஒரு இடம் இருந்தது. தமிழில் புகைப்படக்கலை என்ற பெயரில் சில நண்பர்கள் 2007இல் கூடி, அபெர்ச்சர் என்றால் என்ன, ஷட்டர் வேகம் எதற்கு என்று தமிழில் எழுத ஆரம்பித்தார்கள். மாதம் ஒரு தலைப்பு, மாதம் ஒரு போட்டி. பரிசை விட, தோற்ற படத்துக்குக் கிடைத்த விமர்சனம்தான் பெரிது: அடிவானம் சாய்ந்திருக்கிறது, பின்னால் இருக்கும் கம்பம் தலையில் முளைத்த மாதிரி தெரிகிறது, ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்திருக்கலாம். அந்தச் சொல்லை நம்பி மறுநாள் விடியலில் கோவளத்துக்குப் போய் ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்து எடுத்தவர்கள் நாம். அன்று கடன் வாங்கி வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். இப்போது பீரோவில் இருக்கிறது. கடற்காற்றில் ஈரம் அதிகம். சிலிகா ஜெல் மாற்றாமல் விட்டால் லென்ஸின் உட்புறத்தில் பூஞ்சை படரும். பல வீடுகளில் படர்ந்துவிட்டது.

அப்போது நேரில் சந்திக்கவும் செய்தோம். மெரினா காந்தி சிலைக்குப் பின்னால் மணலில் வட்டமாக உட்கார்வது வழக்கமாகவே இருந்தது. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. தமிழில் எழுத வருகிறவர்களுக்குத் தட்டச்சு முதல் கற்றுக்கொடுக்கத் தன்னார்வலர்களே செலவு பங்கிட்டு, ஓடியாடி நடத்தினார்கள். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி வழியாக ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் பட்டது. நாடு, சாதி, சம்பளம் தெரியாமலே நட்பு தொடங்க முடிந்த காலம் அது. முற்றிலும் அப்படியே இருந்தது என்று சொல்ல மாட்டேன். தொடக்கமாவது அப்படி இருந்தது.

இப்போது கேட்டால் நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: ‘எல்லாத்தையும் மூடிட்டாங்களே.’ ஜியோசிட்டீஸ் 2009இல் போனது. கூகுள் ரீடர் 2013 ஜூலையில், ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். யாஹூ குழுமங்களில் கிடந்த கடிதங்களையும் படங்களையும் நீக்கப்போகிறோம் என்று 2019 அக்டோபரில் அறிவித்தார்கள். வேண்டுமென்பவர்கள் தங்கள் தரவைக் கேட்டுப் பெறலாம் என்றும் சொன்னார்கள். 2020 டிசம்பர் 15இல் முழுவதுமாக மூடினார்கள். தேதிகள் சரிதான். ஆனால் மூடுவதற்கு முன்பே அங்கே ஆள் இல்லை. அறிவிப்பு வந்தபோது நம்மில் பலரிடம் பழைய கடவுச்சொல்லே இல்லை. இரண்டு மாத அவகாசத்தில் பத்தாண்டு வெண்பாக்களை இறக்கி வைக்க ஒரு மாலை போதும். ஸ்பிரின்ட் முடிக்க விடிய விடிய உட்காரத் தெரிந்த நமக்கு அந்த ஒரு மாலை கிடைக்கவில்லை. தரவுத்தளம், காப்புநகல் என்று ஊருக்கெல்லாம் செய்துகொடுத்துச் சம்பளம் வாங்கும் கூட்டம், தன் சொந்த மொழியில் தன் நண்பர்கள் எழுதியதற்கு ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. இதை எந்த நிறுவனத்தின் தலையிலும் கட்ட முடியாது.

கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன், ஆன்சைட் எல்லாம் உண்மையான காரணங்களே. வேளச்சேரி அறையிலிருந்து நாவலூர் அடுக்ககத்துக்கு வருவது ஒரு வாழ்க்கை முழுவதும் நகர்வது. ஆனால் நேரம் இல்லாமல் போனதாகச் சொல்லும் அதே ஆண்டுகளில்தான் அடுக்ககக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, கல்லூரிக் குழு என்று வாட்ஸாப்பில் நாள் முழுக்க இருக்கிறோம். வந்த செய்தியைப் படிக்காமலே அடுத்தவருக்குத் தள்ளுகிறோம். தண்ணீர் லாரி வராததற்கு எழுதும் நீளத்தில் பாதி எழுதினால் ஒரு நண்பரின் சிறுகதைக்குக் கருத்து ஆகும். கலை என்பது வேலை கிடைக்கும்வரை, வீடு வாங்கும்வரை செய்யும் பொழுதுபோக்கு என்று நாம் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாழ்ந்து காட்டியிருக்கிறோம்.

இதைவிடக் கனமான புறக்கணிப்புகள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு லென்ஸ் பூஞ்சையை மட்டும் பேசுவது நியாயமல்ல.

அன்று நம்மோடு எழுதிய பெண்கள் பலர் ஒரு நாள் நிறுத்தினார்கள். பெயர் சொல்லாதவர்கள் வந்து அசிங்கமாக எழுதினார்கள். பெயர் சொன்னவர்களே சிலர் எழுதினார்கள். நாம் என்ன செய்தோம்? தனி மடலில் வருத்தம் தெரிவித்தோம். பொதுவில் வாயைத் திறக்கவில்லை, எழுதியவன் நம் கடற்கரைக் கூட்டத்து நண்பனாக இருந்ததால். அந்த அக்காக்களும் தோழிகளும் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதை, வரைந்துகொண்டிருந்த கோலம், சொல்லிக்கொண்டிருந்த வட்டாரச் சமையல் எல்லாம் பாதியில் நின்றன. ‘குடும்பப் பொறுப்பு வந்திருக்கும்’ என்று நமக்கு வசதியான காரணத்தை நாமே எழுதிக்கொண்டோம்.

2009 அடுத்தது. ஈழத்திலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் நம்மோடு வெண்பாப் போட்டியில் உட்கார்ந்தவர்கள், அந்த ஆண்டின் முதல் மாதங்களில் போரைத் தவிர வேறு எதையும் எழுத முடியாதவர்களாக இருந்தார்கள். நம்மில் ஒரு பகுதி அவர்களோடு நின்றது. இன்னொரு பகுதி அவர்களிடமே அரசியல் விவாதம் நடத்தியது. மே மாதத்துக்குப் பிறகு சில பெயர்கள் திரும்பி வரவில்லை. அவர்களின் உண்மைப் பெயரோ ஊரோ நமக்குத் தெரியாது. கேட்காமல் பழகியதைப் பெருமையாக நினைத்திருந்தோம். அந்தப் பெருமைக்கு அன்று ஒரு விலை இருந்தது. தேடிப் பார்க்கக் கைப்பிடி இல்லை. இருந்தவர்களையும் தேடவில்லை.

இறப்பும் இப்படித்தான் கடந்தது. தேன்கூடு திரட்டியை நடத்திய சாகரன் 2007இல் இளவயதில் மறைந்தபோது ஊரே கலங்கி எழுதியது. பிந்தைய மரணங்கள் நமக்குப் பல மாதம் கழித்துத் தெரிந்தன, சில தெரியவே இல்லை. ஒருவரின் கடைசிப் பதிவுக்குக் கீழே புதிதாக எதுவும் இல்லை என்றால் அவர் ஓய்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறோம்.

மதுரைத் திட்டத்தைப் பார்க்கும்போதுதான் நாம் எதைத் தவறவிட்டோம் என்பது துலங்குகிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கலில் தொடங்கியது. சங்க நூல் முதல் பழைய நாவல் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து இலவசமாக வைத்தார்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் நிற்கின்றன. இருபது ஆண்டுக்கு முன் ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையை ஒரு நூலுக்குக் கொடுத்ததற்கு அது சாட்சி. யார் எதைச் செய்தார் என்று எழுதி வைக்கும் அந்தச் சின்ன ஒழுங்கு நம்மிடம் இல்லை. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் பலருடைய பதிவுகளைக் கேட்டு வாங்கி மின்னூலாக்கினார்கள். நம்மைக் கேட்டபோது ‘தொகுத்துத் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டு விட்டவர்கள் நம்மில் உண்டு.

திரும்பச் சேர முடியுமா என்றால், முடிகிறது. ஆனால் ‘எப்படி இருக்கீங்க, ரொம்ப நாளாச்சு’ என்று எழுதும் மடல் எங்கும் போய்ச் சேர்வதில்லை. ‘நலம், நீங்க?’ என்று ஒரு வரி வரும், நாமும் ஒரு வரி எழுதுவோம், முடிந்துவிடும். அந்த நட்பு நலம் விசாரித்து உண்டானது அல்ல. ஒரு சீரைத் திருத்தி, ஒரு படத்தின் சட்டகத்தை வெட்டி உண்டானது. எனவே பழைய ஹார்டு டிஸ்கைத் திறந்து, அவர் 2006இல் எழுதிய பாட்டைக் கண்டெடுத்து அவருக்கே அனுப்புங்கள். அவரிடம் அதன் நகல் இருக்காது. அல்லது இன்று எடுத்த படத்தை அனுப்பி, அன்று போலக் குறை சொல்லக் கேளுங்கள். பதினைந்து ஆண்டு மௌனத்துக்கு விளக்கம் கேட்காமல், ‘அடிவானம் இன்னும் சாய்ஞ்சுதான் இருக்கு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களிடம் மட்டும் முதலில் மன்னிப்புக் கேளுங்கள், முக்கியமாக எழுதுவதை நிறுத்திய பெண்களிடம். அவர்கள் பதில் எழுதாவிட்டால் அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. இரண்டும் நாவலூரிலிருந்து சனிக்கிழமைக் காலையில் போய்ப் படம் எடுத்து, வரைந்து, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம். நாவலூர் சுங்கச்சாவடியில் கட்டணமும் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. வெளிநாட்டு நண்பர்கள் டிசம்பரில் சென்னை வருகிறார்கள். வந்தது அவர்கள் திரும்பிப் போன பிறகே நமக்குத் தெரியும் நிலை இந்த ஆண்டோடு மாற வேண்டும். பழைய கோப்பு யாரிடம் இருந்தாலும் கொண்டுவாருங்கள். எழுதியவர் சம்மதத்தோடு, அவர் விரும்பும் பெயரில், யார் திருத்தினார் என்பதோடு சேர்த்துத் தொகுப்போம்.

வெண்பா நண்பர்களுக்கு ஈற்றடி தருகிறேன். கூவிளம், தேமா, மலர், தளை பார்த்தாயிற்று. மேல் மூன்றடி உங்களுடையது, பழைய பெயரிலேயே அனுப்புங்கள்.

நாவலூர் வந்தால் நலம்.