குறிஞ்சியின் யாமம் யாருக்கு உரியது?

கொடைக்கானல் நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், மதிகெட்டான் சோலை என்று நம் முன்னோர் அச்சமும் அன்பும் கலந்து பெயரிட்டழைத்த அடர்வனத்தைக் கடந்து சென்றால், பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில், நாற்புறமும் காடு சூழ, பேரிஜம் ஏரி தோன்றுகிறது. வனத்துறையிடம் அனுமதி பெற்று, சோதனைச் சாவடியில் வண்டியைப் பதிவு செய்துகொண்டு, பகற்பொழுதில் சென்று பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. யானைக் கூட்டம் ஏரிப் பக்கம் இறங்கிவிட்டால் அந்தப் பகற்பொழுதும் கிடையாது. சாவடியோடு திரும்ப வேண்டியதுதான். இந்த விதியைத் தளர்த்தி, ஏரிக்கரையிலேயே கூடாரங்கள் அடித்துப் பிரயாணிகளை இரவு தங்கவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பதே நமது தெளிவான அபிப்பிராயம். ஆயினும் அத்துடன் நில்லாமல் மற்றொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்: பேரிஜத்தின் கரையை அடைத்து வைப்பதோடு சர்க்காரின் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை, காட்டின் இரவை ஜனங்களுக்கு, முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, காட்டுவதற்கென்று பொது நிர்வாகத்தில் ஒரு முகாம் வேறோர் இடத்தில் அமைந்தே தீர வேண்டும்.

கரை ஏன் அடைபட்டிருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1860-களை ஒட்டிய காலத்தில் இம்மலைகளை அளந்து படம் வரைந்த ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி, முற்காலத்தில் இங்கே பேரேரி ஒன்று இருந்து கரையுடைந்து வற்றிப்போனதற்கான அடையாளங்களைக் கண்டு எழுதி வைத்தார். இன்றுள்ள ஏரி பின்னாளில் அணை கட்டித் தேக்கியது. அதன் மதகு வழியே இறங்கும் நீர்தான் மலையடிவாரத்துப் பெரியகுளம் நகரத்துக்குக் குடிநீராகிறது. ஆகவே ஏரிக்கரை என்பது அழகுக்காக ஏற்பட்ட பூங்கா மட்டுமன்று. ஓர் ஊரின் தண்ணீர்ப் பானை. அதைச் சுற்றியுள்ள சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் வாங்கி, மழையற்ற மாதங்களில் ஊற்றாகக் கசியவிட்டுக்கொண்டிருக்கின்றன. 2013-ஆம் ஆண்டில் இப்பிரதேசம் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்க்கப்பட்டது. பானையின் விளிம்பில் படுத்துறங்க யாருக்கும் உரிமை இல்லை. எவ்வளவு பணம் கட்டினாலும் இல்லை.

ஆனால் சாவடிக்கு இப்பால் நடப்பது என்ன? மேல்மலைக் கிராமங்களின் ஓரங்களில், பட்டா நிலம் என்ற பெயராலும் யாருடைய நிலம் என்று தெரியாத சரிவுகளிலும், நைலான் கூடாரங்கள் ஒரு பருவத்தில் முளைக்கின்றன. அதிகாரிகள் தடை விதித்ததும் மறைகின்றன. இரண்டு வாரம் கழித்து அடுத்த சரிவில் மறுபடியும் முளைக்கின்றன. அப்படிப்பட்ட சரிவு ஒன்றினருகே ஒரு தை மாதத்து விடியற்காலையில் நாம் நின்றிருந்தோம். இரவு தங்கியவர்கள் புறப்பட்டுப்போய் அரைமணி நேரம் ஆகியிருக்கலாம். புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதன் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்குக் கருகிய வட்டம். சாம்பலைக் கையால் தொட்டபோது சூடு இருந்தது. பக்கத்திலிருந்த காட்டுப்பூவரச மரத்தில் கூடாரக் கயிற்றின் துண்டு, அவிழ்க்கப் பொறுமையின்றி அறுத்து விடப்பட்டு, பட்டையில் பதிந்து கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு காட்டெருமை தலைகுனிந்து நின்றது. புல் மேய்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். உற்றுப் பார்த்தால், வறுவல் பொட்டலத்தின் உட்புறத்து உப்பை அது நக்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளித் தாள் நாக்கில் ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்தது. அவ்வளவு பெரிய பிராணி, அவ்வளவு சிறிய பொட்டலத்தின்மேல் அவ்வளவு கவனமாகக் குனிந்து நின்ற அந்தக் காட்சி இன்றளவும் நம் மனத்தைவிட்டு அகலவில்லை.

இவ்வாறு கேட்பாரற்றுக் காட்டில் புழங்குவதால் விளையும் கேடு குப்பையோடு முடிவதாயிருந்தால்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பற்றிய தீ மலையேறிகளைச் சூழ்ந்துகொண்டு இருபத்து மூன்று உயிர்களைக் குடித்ததை நாம் மறந்துவிடலாகாது. மாசி பங்குனியில் அந்தப் புல் எப்படி எரியும் என்பது மலையில் மாடு மேய்க்கும் சிறுவனுக்குத் தெரியும். வெளியூர்களிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியவில்லை, தெரிவிக்கவும் தக்க ஆள் உடன் இல்லை. 2021 ஜனவரியில் அண்டை மாநிலத்தின் வயநாட்டில், மேப்பாடியை அடுத்த ஒரு தனியார் விடுதியில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானையால் மாண்டார். இவையெல்லாம் விதியின் விளையாட்டல்ல. பழக்கமற்றவர்களைக் காட்டுக்குள் கூட்டிச் சென்று, இடம் தெரிந்த காவல் இல்லாமல் விட்டுவைத்ததன் பலன்.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அதே ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளை அரசே தேர்ந்தெடுத்து, பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, ஒழுங்கான ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் அவை பெரும்பாலும் பகலில் நடந்து பகலிலேயே இறங்கிவிடும் நடைகள். பல பாதைகளுக்குக் கட்டணமும் ஆயிரத்தைத் தாண்டியே தொடங்கிற்று. கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளையோ, உயர்நீதிமன்றத்தின் ஆணையால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வழியே எண்ணுகிறோம். 2025-ஆம் ஆண்டுக் கோடையில் வாரநாட்களில் 4,000, வாரக் கடைசியில் 6,000 என்று வரம்பும் கட்டினோம். வண்டியை எண்ணிவிட்டோம், வண்டியில் வந்தவர் இரவில் எங்கே படுக்கிறார் என்பதற்கு மட்டும் நம்மிடம் தடை உத்தரவைத் தவிர வேறு விடையில்லை.

இரவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். தமிழின் ஆதி இலக்கணமாகிய தொல்காப்பியம் ஐவகை நிலங்களுக்கும் பொழுது வகுத்தபோது, மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குச் சிறுபொழுதாக வைத்தது யாமத்தை. பெரும்பொழுதாக வைத்தது கூதிரையும் முன்பனியையும். மலையை மலையாக அறியக்கூடிய வேளை நள்ளிரவென்றும், பருவம் ஐப்பசி முதல் தை வரையிலான குளிர்மாதங்கள் என்றும், அந்நிலத்தில் வாழ்ந்து பார்த்தவர்களின் அறிவிலிருந்துதான் அந்த வரையறை பிறந்திருக்க வேண்டும். நாமோ மலை தன் நீரெல்லாம் இழந்து களைத்துக் கிடக்கும் சித்திரை வைகாசியில், நண்பகலில், லட்சக்கணக்கில் ஏறிச் சென்று, ஏரியைச் சுற்றிக் குதிரை சவாரி செய்து, மிளகாய் தூவிய மக்காச்சோளம் தின்று, படம் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறோம். மிளாவின் திடீரென்ற குரலும், சோலைக்குள் இலைவிட்டு இலை சொட்டும் பனியின் ஓசையும், நகரத்து விளக்குகள் தின்றுவிடாத வானமும் எப்படியிருக்கும் என்பதை ஒரு தலைமுறையே அறியாமல் வளர்ந்துவிட்டது.

அறிந்தவர்கள் இல்லாமலில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டு வனங்களுக்குள் ஓய்வு விடுதிகள் இருந்துவருகின்றன. அங்கே இரவைக் கழிக்கும் பாக்கியம் முதலில் உத்தியோகஸ்தர்களுக்கு இருந்தது. பிறகு சிபாரிசு உள்ளவர்களுக்கும் கிட்டிற்று. இப்பொழுது, காட்டோரத்துச் சொகுசு விடுதிகளின் வழியாக, பணமுள்ளவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இம்மூன்றும் இல்லாத இளைஞன் களவாகக் கூடாரம் வாடகைக்கு விடுபவனிடம் போகிறான். அவனைக் குற்றவாளியாக நிறுத்துவதற்கு முன்னால், நேர்மையான வழி ஒன்றை அவனுக்குத் திறந்துவிட்டோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் தகும். பெரியகுளத்துத் தெருக் குழாயில் தினந்தோறும் பேரிஜத்தின் நீரைப் பிடித்துப் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் குழந்தைகளில் எத்தனை பேர் அந்த ஏரியைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் மலையில், தாங்கள் குடிக்கும் நீர் புல்லின் வேரிலிருந்து கசியும் இடத்தை அவர்களுக்குக் காட்டாமல், பாடப்புத்தகத்தில் நீர்ச்சுழற்சியின் படத்தைப் போட்டு அம்புக்குறி இட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

நமது யோசனை இதுதான். மேல்மலையில், சரணாலயத்தின் உட்பகுதியும் யானை வழித்தடமும் அல்லாத இடத்தில், சோலையையோ புல்வெளியையோ தொடாமல், முன்னொரு காலத்தில் அந்நிய மரங்கள் நட்டுப் பாழான நிலத்தில் முகாம் அமையட்டும். சீகையும் பைனும் தைலமரமும் புல்வெளியை விழுங்கிய பரப்புகள் அங்கே நிறைய உண்டு. அப்படி ஒரு துண்டைத் திருத்தி இருபது கூடாரத்துக்கு மேடை கட்டினால் காட்டுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. முகாமுக்கு வரும் பிள்ளைகளே ஆளுக்கொரு சீகைக் கன்றைப் பிடுங்கிப் போட்டு, அந்த இடத்தில் புல் திரும்புவதை ஆண்டுக்கு ஆண்டு பார்த்துக்கொள்ளட்டும். வண்டிகள் இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே நின்றுவிட வேண்டும். எஞ்சிய தூரம் நடை. திறந்த வெளியில் தீ மூட்டுவது எக்காரணத்தாலும் கூடாது. பொதுச் சமையற்கொட்டகை ஒன்று போதும். கழிப்பறை ஓடைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். கொண்டுவந்த பொட்டலம் ஒவ்வொன்றும் எண்ணப்பட்டு, திரும்பும்போது அதே எண்ணிக்கையில் கீழே இறங்கட்டும். ஒலிபெருக்கிக்கு இடமே இல்லை. மாசி முதல் வைகாசி வரை முகாம் பூட்டப்படட்டும். கனமழை மாதங்களில் சரிவு நம்பத்தக்கதன்று, ஆதலால் அப்போதும் பூட்டு. மிஞ்சுவது காலாண்டு விடுமுறையும், அரையாண்டு விடுமுறையிலிருந்து தை முடிய உள்ள முன்பனி நாட்களும். இலக்கணம் வகுத்த பருவமும் பள்ளிக்கூடத்து விடுமுறையும் இவ்வளவு பொருத்தமாக வந்து கூடுவதை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டாமா?

இடங்களில் பாதிக்குக் குறையாமல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று இலவசமாக ஒதுக்க வேண்டும். மீதத்தைக் குடும்பங்களுக்கும் இளைஞர்களுக்கும், ஒரு தினக்கூலிக்காரர் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் தரலாம். சாரணர் இயக்கமும், 1969 முதல் நடந்துவரும் நாட்டு நலப்பணித் திட்டமும் முகாம் என்ற பழக்கத்தை நம் மாணவர்களுக்குப் புதிதல்லாததாக்கியிருக்கின்றன. இடம் ஒன்றுதான் குறை. வழிகாட்டியாகவும் இரவுக் காவலாகவும் பளியர் குடியிருப்புகளின் இளைஞர்களையும், வேட்டைத் தடுப்புக் காவலர்களாக உழைத்து அனுபவம் பெற்றவர்களையும் நியமிக்க வேண்டும். நியமிப்பது என்றால் பருவத்துக்குப் பருவம் அன்றாடக் கூலிக்குக் கூப்பிடுவதன்று. மாதச் சம்பளம், காப்பீடு, சீருடை. தேன் எடுக்கவும் தடம் பார்க்கவும் தலைமுறைகளாகக் கற்ற ஒருவர், விளக்கை அணைத்துவிட்டு, இந்தச் சத்தம் எதனுடையது என்று பிள்ளைகளிடம் மெல்லக் கேட்கும் அந்தக் கணத்துக்கு ஈடான பாடத்தை எந்த வகுப்பறையாலும் தர முடியாது.

இதற்கு ஆட்சேபம் கூறுபவர்களில் நம் மதிப்புக்கு முதலில் உரியவர்கள், காட்டைக் காட்டாகவே விட்டுவிடுங்கள், மனிதன் அடி வைக்காமலிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம் என்று சொல்பவர்கள். அவர்களுடைய அச்சம் ஆதாரமற்றதன்று. ஓர் இடத்தில் இருபது கூடாரத்துக்கு அனுமதி தந்தால் அது நாளடைவில் இருநூறாகிப் பின்னர் உணவகமாகி வாகன நிறுத்தமாகிவிடும் நாட்டில்தான் நாம் வாழ்கிறோம். அதனால்தான் எண்ணிக்கையை அதிகாரியின் சுற்றறிக்கைக்கு விட்டுவிடாமல், எளிதில் திருத்தமுடியாத அரசு விதியாகவே எழுதிவைக்க வேண்டும் என்கிறோம். ஆனால் மனிதன் அடி வைக்காத மலை என்பது பழனி மலையில் இனிமேல் கற்பனைதான். சாலை போட்டாயிற்று, அந்நிய மரம் நட்டாயிற்று, ஊர் ஏறிவிட்டது, லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அவர்களில் ஒரு சிறு தொகையினராவது காட்டுக்குக் கட்டுப்பட்டு ஓர் இரவு இருக்கக் கற்றுத் திரும்பினால், மறுமுறை காட்டுச் சரிவில் நெகிழிப் புட்டியை வீசும் கையைத் தடுத்துப் பிடிக்க ஒருவர் அந்தப் பேருந்தில் இருப்பார். சர்க்கார் நடத்துவது எதுவும் உருப்படாது என்பவர்களுக்கு நாம் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. பேரிஜத்தின் கரை இன்றளவும் கரையாகவே இருப்பது யாருடைய நிர்வாகத்தால் என்று ஒருமுறை போய்ப் பார்த்து வரட்டும்.

காலம் நிறைய இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலர்வது நீலக்குறிஞ்சி. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும். அந்த ஆண்டில் மேல்மலைக்கு ஏறப்போகும் கூட்டம் இதுவரை நாம் கண்டதாக இராது. அவர்களை இரவில் வைத்துக்கொள்ள ஒழுங்கான இடமும் பழகிய ஆட்களும் அதற்குள் தயாராகாவிட்டால், பூத்த சரிவின் மேலேயே கூடாரம் அடிப்பார்கள். ஆகவே வனத்துறையும் பள்ளிக்கல்வித் துறையும் சேர்ந்து வருகிற முன்பனிக்குள் இடத்தைத் தேர்ந்து, அளந்து, வேலையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதல் முகாமுக்குப் பெரியகுளத்துப் பிள்ளைகளையே அழைக்கலாம். இரவு முகாமில் தங்கி, மறுநாட் காலையில், விதிப்படி பகலில், அனுமதியோடு அவர்கள் பேரிஜத்துக்குப் போகட்டும். தங்கள் வீட்டுக் குழாய்க்கு நீர் அனுப்பும் மதகு எது என்று அங்கே காவலிருப்பவர் அவர்களுக்குக் காட்டட்டும்.