கேள்வி கேட்கும் பெண்பிள்ளை



பள்ளி விடுமுறையில் 'தி கோஸ்ட் பிரைட்' என்னும் தொடரை மீண்டும் பார்த்தேன். 2020 சனவரியில் நெட்பிளிக்ஸில் வெளிவந்த, ஆறே பாகங்கள் கொண்ட மாண்டரின் மொழித் தொடர் இது. மலேசியச் சீன எழுத்தாளர் யாங்சி சூ 2013இல் வெளியிட்ட ஆங்கிலப் புதினமே இதற்கு மூலம். கதைக்களம் நம் மலாக்கா; காலம் 1890கள்.

கதைத்தலைவி லீ லான், பணநெருக்கடியில் சிக்கிய குடும்பத்துப் பெண். இறந்துபோன செல்வர் வீட்டு மகனுக்கு அவளை மணமகளாகக் கேட்கின்றனர். அந்த ஆவியின் பிடியிலிருந்து விடுபட, அவள் ஒரு கொலையின் உண்மையைத் தேடிப் புறப்பட வேண்டியதாகிறது. அவள் காவல்துறையைச் சேர்ந்தவள் அல்லள். துடுக்கான நாவும், "அப்படித்தான்" என்ற பதிலை ஏற்க மறுக்கும் மனமுமே அவளுடைய கருவிகள்.

அத்தொடரைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பெண்பிள்ளையின் முகமே நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் குடும்ப மரம் வரையும் இடுபணி கொடுத்திருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்கள் பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில்தான் பிறந்தாராம். அப்புறம் ஏன் அவருக்குச் சிவப்பு அடையாள அட்டை?" என்று கேட்டாள். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் நான், "பாடத்தில் உள்ளதை மட்டும் கேள். அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்" என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் என் வகுப்பில் அவள் எழுந்து நின்று எதையும் கேட்டதில்லை. மறு ஆண்டு அந்தப் பாட்டி சிவப்பு அட்டையுடனேயே காலமானார்.

நான் அன்று பதில் சொல்லியிருந்தால் அட்டையின் நிறம் மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆயினும் அந்த வீட்டில் கேட்பதற்கு ஒருத்தி இருந்தாள். அவள் வாயை அடைத்தவள் நான்.

எண்ணிப் பாருங்கள், எத்தகைய துப்பறியும் கேள்வி அது! பிறப்பு பதிவு செய்யப்பட்டதா? பதியச் சொன்னபோது கிராணி பதிந்தாரா? தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியபோது பத்திரம் தொலைந்ததா? பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார்? சாட்சி சொல்ல இன்று யார் இருக்கிறார்கள்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னர்ச் சாட்சிகள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இந்தத் துப்பறிதலுக்குக் காலக்கெடு உண்டு.

லீ லான் கதை சீனக் குடும்பத்தின் கதை. அதை அவர்கள் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள்; அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் அதே 1890களில்தான், 1896இல், தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை அமைத்தார். பால்மரம் வெட்ட நம்மவர் திரளாக வந்த வரலாறு அதன்பின் விரிகிறது. பெரட்டுக்களம், கங்காணி, கள்ளுக்கடை, துரை பங்களா என்று எத்தனை மர்மங்கள் அங்கே! அவற்றைத் துருவும் தமிழ்ச் சிறுமி ஒருத்தியை நாம் ஏன் இன்னும் நம் பிள்ளைகளுக்குப் படைத்துக் கொடுக்கவில்லை? என் தலைமுறை படித்த துப்பறியும் கதைகளில் சங்கர்லாலும் கணேஷ்-வசந்தும் முன்னால் நின்றனர். பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலாவும் பரத்துடன் இணைந்தே வந்தாள்.

"கேள்வி கேட்கும் பெண் வாயாடியாகிவிடுவாள்" எனச் சில பெற்றோர் அஞ்சுவதை அறிவேன். அவர்களுக்குச் சிலப்பதிகாரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். பாண்டியன் அவையில் கண்ணகி அழுதுவிட்டுத் திரும்பவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று உடைத்துக் காட்டி வழக்கை மெய்ப்பித்தாள். சான்றுடன் பேசிய அப்பெண்ணைக் கற்பிக்கும் நாமே, சான்று தேடும் மாணவியை அமரச் சொல்கிறோம். பயிலரங்குகளில் உயர்நிலைச் சிந்தனைத் திறன் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, வகுப்பில் அது எழுந்து நின்றால் அதட்டுகிறோம்.

ஆவியும் கொலையும் நிறைந்த தொடரைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லவில்லை. அது பெரியவர்களுக்கு உரியது. அதன் உள்ளியல்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். வரும் விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தாத்தா பாட்டியின் பழைய பத்திரங்கள், நிழற்படங்கள், தோட்டத்துக் கோவிலின் கல்வெட்டு, இடுகாட்டுக் கல் ஆகியவற்றைப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். எதைப் பார்த்தோம், எதைக் கேள்விப்பட்டோம், எதை ஊகித்தோம் என மூன்றாகப் பிரித்து எழுதட்டும்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். அண்மையில் கோவிலில் சந்தித்தபோது, "அன்று நீ கேட்டது நல்ல கேள்வி" என்றேன். சற்றே வியந்து என்னைப் பார்த்தாள். பிறகு, "பாட்டியின் தங்கை இன்னும் இருக்கிறார் டீச்சர்" என்றாள்.

அவருக்கும் சிவப்பு அட்டைதானாம்.