மலைக்குச் செல்லும் விருந்தினர்

போடிநாயக்கனூரில் ஏலத்தின் மணம் கமழாத கடைத்தெரு இல்லை. தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த இவ்வூர், மலைமேல் விளையும் ஏலக்காய்க்கு நெடுங்காலமாகச் சந்தையாக விளங்குகிறது. ஏலக்காயை ஏலம் விடும் ஊர் இது. பொருளுக்கும் விற்பனைக்கும் ஒரே பெயர் வாய்த்தது தமிழின் குறும்பு போலும். ஊரை விட்டு மேற்கே செல்லும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அதற்கப்பால் கேரள நாட்டின் ஏலமலைகள் விரிகின்றன. மற்றொரு வழி குரங்கணிக்குச் செல்கிறது. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தி வழியே இவ்வடிவாரத்திற்கு இறங்கிற்று. இன்று அவ்வழியில் தேயிலை இறங்குவதில்லை. விடுமுறை நாட்களில் மக்கள் ஏறுகின்றனர். 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னையிலிருந்து போடி வரை இரயில் ஓடத் தொடங்கியபின், குடும்பத்தோடு மலை காண வருவோர்க்குப் பயணம் எளிதாயிற்று.

அவ்வாறு வருதல் நன்றே. பாயசத்தில் மணக்கும் ஏலக்காய் வெயிலில் விளைவதன்று. உயர்ந்த காட்டு மரங்களின் நிழலில், ஈரமண்ணில், தரையை ஒட்டிப் பூத்துக் காய்ப்பது. அப்பூவுக்கு மகரந்தம் கொண்டு சேர்ப்பவை மலைத்தேனீக்கள். மரம் போனால் நிழல் போகும். தேனீ போனால் காய் போகும். இதனை நூலிற் படிப்பதினும் ஒரு முறை நேரிற் கண்ட சிறுவன் எளிதில் மறவான். ஆயினும், காணச் செல்வோர் எந்த மனத்தோடு செல்கின்றனர் என்பதே கேள்வி. நுழைவுச் சீட்டு வாங்கியவன் கூண்டின் முன் நின்று விலங்கைத் தேடுவது போல மலையையும் தேடுவோர் பலர். யானை தென்படவில்லையே என்று வழிகாட்டியைச் சினப்போரும் உளர். பணம் கொடுத்த நேரத்திற்கு வந்து நிற்க யானை என்ன வாடகை வண்டியா?

2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாளை இம்மலை மறவாது. வெளியூர்களிலிருந்து வந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். அவருள் சிறுவரும் இருந்தனர். அவர்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி இருக்கவில்லை. மார்ச்சுத் திங்களில் மலைச்சரிவின் புல் காய்ந்து சருகாய் நிற்கும். அப்புல்லிற் பற்றிய தீ, சமவெளித் தீயைப் போல ஊர்ந்து வருவதன்று. சரிவில் மேல்நோக்கி விரைவது. மேலே ஓடுகின்ற மனிதனைவிட அதற்குக் கால் வலிது. அன்று தீயில் அகப்பட்டு மாண்டோர் 23 பேர். இருள் சூழ்ந்த சரிவுகளில் இறங்கிக் காயமுற்றோரைத் தூக்கி வந்தோருள் மலைக்கிராம மக்களும் இருந்தனர்.

அதன்பின் விதிகள் பிறந்தன. மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை அரசு அவ்வாண்டே வகுத்தது. 2024ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் 40 மலைப்பாதைகள் வனத்துறையின் பொறுப்பில் திறக்கப்பட்டன. காட்டை அடுத்து வாழும் இளைஞர் பயிற்சி பெற்று வழிகாட்டிகள் ஆயினர். இது போற்றத்தக்க மாற்றம். எனினும், வழிகாட்டியின் கையில் கூலி மட்டும் இருந்தாற் போதாது. “இன்று வேண்டா, காற்று சரியில்லை, நாளை வாருங்கள்” என்று சொல்லும் உரிமையும் இருத்தல் வேண்டும். பிறர் ஏற்பாட்டில் கூலிக்கு வருபவன் அச்சொல்லை எளிதிற் சொல்ல இயலாது. சொன்னால் அடுத்த முறை அவனை அழையார்.

மலையில் வாழ்வோர் அச்சொல்லை அறியாதவர் அல்லர். இச்சரிவுகளில் வாழும் தொல்குடியினருள் முதுவர் ஒருவர். மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறிய மரபினர் தாம் என்பது அவர்தம் வழிவழிக் கூற்று. குழந்தையை இன்றும் துணியால் முதுகிற் கட்டிச் சுமக்கும் வழக்கம் அவர்களுடையது. அக்காட்சியைக் கண்டதும் கேளாமலே படம் பிடிக்கக் கை நீட்டும் பயணி, தன் வீட்டு வாயிலில் அயலான் அவ்வாறு செய்தால் பொறுப்பானா? முதுவர் வாழும் இடமலைக்குடி, 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாயிற்று. கொரோனா நோய் பரவியபோது அம்மக்கள் வெளியார் வரவைத் தாமே தடுத்தனர். ஓராண்டுக்கு மேலாக அந்நோய் அவ்வூரை அணுகவில்லை. தம் எல்லையைத் தாமே காக்க அறிந்தவரை, விருந்து படைக்கும்போது மட்டும் கூலியாட்களாக நடத்துவது எவ்வகை முறை?

ஆஸ்திரேலியாவின் நடுவே உலுரு என்னும் செம்பாறை உண்டு. அதனைப் புனிதமாகப் போற்றும் அனங்கு மக்கள், “ஏறாதீர்” என்று பல்லாண்டுகள் வேண்டியும் பயணிகள் ஏறினர். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் ஏறுதல் தடுக்கப்பட்டது. பயணிகள் இன்னும் வருகின்றனர். அடிவாரத்தைச் சுற்றி நடந்து, அம்மக்களின் கதைகளைக் கேட்டுச் செல்கின்றனர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? தேக்கடியில், வயணப் பட்டையைக் களவாக உரித்து விற்றுவந்தோர் 1990களின் இறுதியிற் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் மாறினர். களவுக்கு உதவிய காட்டறிவே காவலுக்கும் உதவிற்று. அவருக்குக் கூலியோடு பொறுப்பும் தரப்பட்டமையே அங்கே வெற்றிக்குக் காரணம்.

குழந்தைகளோடு செல்வோர் இதனை இன்னும் எண்ணுதல் வேண்டும். ருவாண்டா நாட்டில் மலைக் கொரில்லாக்களைக் காண 15 வயது நிரம்பாதவரை விடுவதில்லை. விட்டவரையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க விடுவதில்லை. சிறுவர்க்கு அது வருத்தந்தரும். ஆனால், தனக்காக மலை திறந்துகொள்ளாது என்பதைப் பத்து வயதில் அறிவது இழப்பன்று. 2023ஆம் ஆண்டில் சின்னக்கானலிலிருந்து பிடித்து வேறு காட்டில் விடப்பட்ட ‘அரிக்கொம்பன்’ என்னும் யானை கம்பம் நகருக்குள் புகுந்த காலை, அதனை வேடிக்கையாகவே கண்டோர் பலர். அதன் பழைய வழிகளில் வீடும் தோட்டமும் எழுந்த வரலாற்றை எத்தனை பெற்றோர் தம் மக்களுக்குச் சொல்லியிருப்பர்?

தீ நிகழ்ந்த அதே 2018ஆம் ஆண்டில், மழைக்குப் பின் கொழுக்குமலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் அது 2030ஆம் ஆண்டில் மீண்டும் பூக்கும்; அப்போது போடிச் சாலை வண்டிகளால் நிறையும். காட்டையும் தம் பண்பாட்டையும் காக்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அளித்துள்ளது. நாளொன்றுக்கு எத்தனை பேர் ஏறலாம், எவ்வழியே செல்லலாம், எந்நாளில் எவரும் வரலாகாது என்பனவற்றை மலைக்குடியினரின் சபைகள் இப்போதே கூடி முடிவு செய்யட்டும். வனத்துறை அம்முடிவைப் போடிமெட்டிலும் குரங்கணியிலும் பலகையில் எழுதி வைக்கட்டும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.