சும்மா ஒண்டு கீறித் தாங்கோ

திருகோணமலையில் நிகழ்ச்சி வைப்பவர்கள் ஓவியரிடம் கேட்பது இதுதான். கூலி? “பேர் போடுவம்.” ஒலிபெருக்கிக்காரரிடம் இப்படிக் கேட்பார்களா?

அந்த இலவச போஸ்டர்கள்தான் அவருடைய சொந்தக் காமிக்ஸின் இரவுகளைத் தின்கின்றன. பிறகு, எங்கட கதையை எங்கட ஆக்கள் கீறுவதில்லை என்று கவலை வேறு! போரைச் சொல்லும் ‘வன்னி’ காமிக்ஸ் 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. செய்தவர்கள் பெஞ்சமின் டிக்ஸ், லிண்ட்சே பொலொக். நல்ல புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் குண்டுபோட்ட எங்கட துறைமுகம்? சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளே ஒரு பலகை விளையாட்டுக்குப் போதும்.

தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவனார்’ எழுத்துரு கூகுளில் இலவசம்தான். இலவசமாகத் தருவதைத் தீர்மானிப்பது செய்தவர், கேட்பவரல்ல.

அடுத்த செலவுப் பட்டியலில் ஒலிபெருக்கிக்குக் கீழே ‘ஓவியர்’ என்றும் ஒரு வரி எழுதுங்கோ. காமிக்ஸ் வந்தால் காசு குடுத்து வாங்க நாங்கள் இருக்கிறம்.